துணி துவைத்த நீரும் காவிரி நீரே!

பெங்களூரு: நீதிமன்றத்தில் டி.எம்.சி. கணக்கில் பங்கிடப்படும் காவிரி நீர், பெங்களூரின் பீன்யா பகுதி வீடுகளில் குடக்கணக்கில் செலவாகிறது. துணி துவைத்தபின் சாக்கடைக்குப் போகும் நீரை அதே வீட்டின் கழிப்பறைக்குத் திருப்ப ஒரு டிரம்மும் சில அடி குழாயும் போதும்.

மின்முலாம் பூசும் கூடங்கள் நிறைந்த பீன்யா தொழிற்பேட்டை 1970-களில் உருவானது. அப்பகுதி நிலத்தடி நீரில் குரோமியம் கலந்திருப்பதை ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. ஆழ்துளைக் கிணற்றை முழுமையாக நம்ப முடியாத நிலையில், காவிரிக் குழாயின் தேவை கூடுகிறது.

தமிழகத்தின் பங்கு: பெங்களூரின் குடிநீர்த் தேவையில் பாதியை நிலத்தடி நீர் ஈடுசெய்யும் என காவிரி நடுவர் மன்றம் 2007-இல் கணக்கிட்டிருந்தது. இதை ஏற்காத உச்ச நீதிமன்றம், 2018 பிப்ரவரி 16-இல் அந்நகருக்காக 4.75 டி.எம்.சி. கூடுதலாக ஒதுக்கியது. தமிழகத்தின் நிலத்தடி நீரைக் காரணம் காட்டிய 10 டி.எம்.சி.யையும் சேர்த்து, தமிழகத்துக்குத் திறக்க வேண்டிய நீர் 14.75 டி.எம்.சி. குறைந்தது.

அதன் பிறகும் தட்டுப்பாடு தீரவில்லை. 2024 மார்ச்சில், குடிநீரால் வாகனம் கழுவினால் ரூ.5 ஆயிரம் அபராதம் என பெங்களூரு குடிநீர் வாரியம் அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில், நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் வழங்கும் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கப்பட்டது. ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவிலிருந்து மேடேற்றிக் கொண்டுவரப்படும் அந்த நீர், கழிப்பறைக்கும் செலவாகிறது.

வீட்டுக் கணக்கு: ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தேவை என்ற வழக்கமான பொறியியல் கணக்கில், துணி துவைக்க 20 லிட்டர், கழிப்பறைக்கு 30 லிட்டர். நால்வர் வீட்டில் துவைக்கும் நீர் 80 லிட்டர். கழிப்பறைத் தேவை 120 லிட்டர். அதாவது, மூன்றில் இரு பங்குத் தேவையைத் துவைத்த நீரே ஈடுசெய்யும்.

செய்யும் முறை: சலவை இயந்திரத்தின் வெளியேற்றுக் குழாயை 100 லிட்டர் டிரம்முக்குள் விட வேண்டும். குழாய் செல்லும் உயரம், இயந்திரத்தின் கையேடு அனுமதிக்கும் அளவைத் தாண்டக் கூடாது. நூல் பிசிறைத் தடுக்க வாயில் துணி கட்டி, அடியில் ஒரு குழாயும், நிரம்பினால் வழிந்தோட மேலே மற்றொரு குழாயும் பொருத்த வேண்டும். முதல் அழுக்கு நீரைவிட அலசிய நீரே ஏற்றது. நாற்றமெடுக்கும் என்பதால் ஒரே நாளில் செலவழித்துவிட வேண்டும். குழந்தையின் மலத்துணி அலசிய நீரைச் சேர்க்கக் கூடாது. குடிநீர்க் குழாயுடன் இதை இணைக்கவே கூடாது.

வாடகைதாரர் நிலை: பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கழிவுநீரைச் சுத்திகரித்து, தனிக் குழாயில் மறுபடி பயன்படுத்த விதிகள் உள்ளன. தொழிலாளர்கள் வசிக்கும் சிறிய வாடகை வீடுகளுக்கு அத்தகைய ஏற்பாடு இல்லை. சுவரில் துளையிட வீட்டு உரிமையாளரின் சம்மதம் வேண்டும். செலவு செய்த வாடகைதாரர் நாளை வீடு மாறக்கூடும்.

அபராதம் விதிக்க முடிந்த அரசால், புதிய வீட்டு வரைபட அனுமதியிலேயே துவைக்கும் இடத்துக்கும் கழிப்பறைக்கும் இடையே ஒரு தனிக் குழாயைக் கட்டாயமாக்கவும் முடியும். அவ்வாறு மிஞ்சும் ஒவ்வொரு குடமும் இரு மாநிலங்களுக்கும் பொதுவான நதியில் மிஞ்சும் நீராகும்.