கறுப்புக் கட்டமும் வெளிறிய நிறமும்

வேற்று மாநிலங்களில் வாழும் தமிழர்கள் கூடி நடத்தும் பொங்கல் விழாவும், இசை அரங்கும், சிறுவர் பேச்சுப் போட்டியும் இந்நாளில் காணொளியாகப் பதிவாகின்றன. மேடையில் தோன்றுவோரின் பெயரும் ஊரும் படத்தின் அடியில் ஒரு பட்டையில் ஓடுகின்றன. தமிழ் எழுத்தை அழகுறப் பொறிக்க வல்லவர் கோவையில் இருப்பார். படத்தைத் தொகுப்பவர் புனேயிலோ நாகபுரியிலோ இருப்பார். பெயர்ப்பட்டை கோப்பாக எழுதப்பட்டு ஓரூரிலிருந்து மற்றோரூருக்குச் செல்லும். இந்த இடைவழியில்தான் இரு தொல்லைகள் எழுகின்றன. பட்டையைச் சுற்றி ஊடுதெரிய வேண்டிய இடமெல்லாம் கறுப்பாக அடைபட்டு, பேசுவோரின் முகத்தையே மறைத்துவிடுவது ஒன்று. குங்குமச் சிவப்பாகத் தீட்டிய பட்டை வெளிறியோ திரிந்தோ வருவது மற்றொன்று. ஒருமுறை நடந்த விழா மறுமுறை அவ்வாறே நடக்கப்போவதில்லை. படத்தைக் காண ஊரில் பெற்றோர் காத்திருப்பர். ஆகவே, இவற்றின் காரணங்களை அறிந்து வைத்திருப்பது நமக்குப் பெரிதும் பயன்படும்.

மெட்ரிக் அளவைகள் வருமுன்னர் நம் நாட்டில் 'ஐந்து படி அரிசி' என்று எழுதினால், எந்த ஊர்ப் படி என்று கேட்க வேண்டியிருந்தது. எண் ஒன்றே, அளவு வேறு. படக்கோப்பின் நிலையும் அத்தகையதே. அதில் இருப்பவை எண்கள் மட்டுமே. அவற்றை எந்த முறைப்படி படிக்க வேண்டும் என்பதில் அனுப்புபவரும் பெறுபவரும் ஒத்திருந்தால் படம் சரியாக வரும். நாம் காணவிருக்கும் கோளாறுகளுட் பெரும்பாலானவை இவ்வொற்றுமை குலைவதால் விளைபவை.

முதலில் ஊடுதெரியும் தன்மையைக் காண்போம். ஒவ்வொரு படப்புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் உண்டு. அப்புள்ளி எவ்வளவு மறைக்கும், எவ்வளவு ஊடு காட்டும் என்பதைச் சொல்லும் நான்காவது எண்ணுக்கு ஆல்பா என்று பெயர். இம்முறையை 1970-களின் பிற்பகுதியில் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் ஆகிய இருவரும் வகுத்தனர். படத்தின்மேல் படத்தை அடுக்கும் கணக்குகளை 1984-இல் தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் என்னும் இருவர் ஒரு கட்டுரையில் ஒழுங்குபடுத்தினர்.

பரவலாக வழங்கும் எச்.264 முறையில் எழுதப்படும் எம்.பி.4 கோப்புகளில் இந்த நான்காவது எண்ணுக்கு இடமில்லை. இடமில்லாத பாத்திரத்தில் இட்டால் அது சிந்திப்போகும். எஞ்சுவது கறுப்புப் பின்னணியே. புரோரெஸ் 422 வகையிலும் அதற்கு இடமில்லை. புரோரெஸ் 4444 வகையில் உண்டு. ஒவ்வொரு சட்டத்தையும் தனித்தனிப் பி.என்.ஜி. படமாக எழுதும் வரிசை முறையிலும் உண்டு. வகையைச் சரியாகத் தேர்ந்தால் மட்டும் போதாது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் போன்ற மென்பொருள்களில் 'ஆர்.ஜி.பி.' என்று மட்டும் இருப்பதை 'ஆர்.ஜி.பி. + ஆல்பா' என்று மாற்றவும் வேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. கோப்பைக் கணினியில் ஓடவிட்டுப் பார்த்துப் பின்னணி கறுப்பாக இருக்கக் கண்டவுடன் ஆல்பா இல்லை என்று முடிவு கட்டுதல் தகாது. காட்டுவதற்குக் கீழே வேறொன்றும் இல்லாதபோது பல காட்டும் கருவிகள் கறுப்பையே காட்டும். தொகுக்கும் மென்பொருளில் வேறொரு படத்தின்மேல் வைத்துப் பார்ப்பதே உண்மையான சோதனை.

பின்னணி ஊடுதெரிந்தும், எழுத்தின் ஓரங்களில் மெல்லிய கருங்கோடு தோன்றுவதுண்டு. இதன் காரணம் வேறு. ஆல்பாவை எழுதும் முறைகள் இரண்டு. நிறத்தை முழுமையாக எழுதி, ஆல்பாவைத் தனியே குறிப்பது ஒன்று; மென்பொருளில் இதன் பெயர் 'ஸ்டிரெயிட்'. நிறத்தை ஆல்பாவால் முன்னரே பெருக்கி எழுதுவது மற்றொன்று. அதன் பெயர் 'பிரிமல்டிப்ளைட்'. வெள்ளை எழுத்தின் ஓரத்தில், பாதி மறைக்கும் புள்ளி ஒன்றைக் கொள்வோம். முதல் முறையில் அதன் நிறம் 255; இரண்டாம் முறையில் 128. இரண்டாம் முறையில் எழுதியதை முதல் முறையாகக் கருதிப் படித்தால், 128 மீண்டும் பாதியாகி 64 ஆகும். அப்பட்டையை வெண்சுவரின்மேல் வைத்தால், சுவரின் பங்கான 128-உம் சேர்ந்து 192 வரும். வெண்மையாகவே இருக்க வேண்டிய ஓரம் சாம்பல் கோடாகிவிடும். மாறாகப் படித்தால் ஓரம் அளவுக்கு மீறி ஒளிரும். பெறுபவர் 'இன்டர்பிரெட் ஃபுட்டேஜ்' என்னும் பகுதியில் உரிய முறையைத் தேர்ந்தால் இக்குறை நீங்கும். கோப்பை மீண்டும் எழுத வேண்டுவதில்லை.

அடுத்து நிறமாற்றம். இதற்கு முக்கியமான காரணங்கள் நான்கு.

முதலாவது, எண்களின் எல்லை. கணினியில் தீட்டும் படங்களில் கறுப்பு 0, வெள்ளை 255. தொலைக்காட்சி மரபில் கறுப்பு 16, வெள்ளை 235. பின்னதை முன்னதாகக் கருதிக் காட்டினால் கறுப்பு சாம்பலாகும், வெள்ளை மங்கும். முன்னதைப் பின்னதாகக் கருதினால் நிழற்பகுதியின் நுட்பங்களெல்லாம் கறுப்பில் மூழ்கிவிடும்.

இரண்டாவது, நிறத்தை ஒளியாகவும் நிறவேறுபாடாகவும் பிரிக்கும் கணக்கு. பழைய தொலைக்காட்சிக்கான 601 என்னும் விதியில் பச்சையின் பங்கு 0.587, உயர்தெளிவுப் படங்களுக்கான 709 என்னும் விதியில் அது 0.7152. ஒரு விதியால் எழுதி மற்றொன்றால் படித்தால் சிவப்பும் பச்சையும் சற்றே திரியும். சாம்பலும் வெள்ளையும் மாறா. இவ்வேறுபாடே நோயைக் காட்டிக்கொடுக்கும் அறிகுறி.

மூன்றாவது, காட்டும் கருவியின் போக்கு. ஒரே கோப்பு மெக்கிண்டாஷ் கணினியின் குவிக்டைம் பிளேயரில் சற்று வெளிறியும், வேறு கருவியில் அழுத்தமாகவும் தோன்றுதல் உண்டு. இங்குக் கோப்பில் பிழையில்லை. வெளிறியது கண்டு நிறத்தை மிகுத்து எழுதினால், மற்றவர் திரையில் அது அளவு கடந்து அழுத்தமாகிவிடும். கண்ணை மட்டும் நம்பாமல், தொகுப்பு மென்பொருளின் அலைவரைபடத்தில் எண்களைப் பார்த்து முடிவு செய்தல் நன்று.

நான்காவது, நிறச் சுருக்கம். கோப்பின் அளவைக் குறைக்கும்பொருட்டு, 4:2:0 என்னும் முறையில் நான்கு புள்ளிகளுக்கு ஒரு நிறக்குறிப்பே எழுதப்படுகிறது. ஒளிக்குறிப்பு மட்டும் புள்ளிதோறும் உண்டு. நீலப் பட்டையில் சிவப்பு எழுத்து கலங்குவது இதனால்தான். தமிழ் எழுத்துக்கு இது தனித் தீங்கு செய்யும். மெய்யெழுத்தின் புள்ளியும் ணகர னகரங்களின் சுழியும் சிறியவை. அவை கலங்கினால் பெயரே வேறாகப் படிக்கப்படும். ஆதலால் எழுத்தைத் தடித்ததாகவும், பின்னணியினின்று நிறத்தால் மட்டுமன்றி ஒளியாலும் வேறுபட்டதாகவும் அமைத்தல் வேண்டும். கருநீலத்தின்மேல் வெள்ளை இதற்கு உகந்தது.

கோளாறு வந்தபின் ஒரே வேளையில் பலவற்றை மாற்றிப் பார்ப்பவர்கள் எது காரணம் என்பதை அறியாமலே களைத்துப்போவர். ஐந்து வினாடி நீளமுள்ள சிறு பட்டை ஒன்றை முதலில் எழுதி, அதைக் கறுப்பு, வெள்ளை, பச்சை ஆகிய மூன்று பின்னணிகளின்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். ஓரத்தின் குறையை வெள்ளையும் கறுப்பும் காட்டும். அடைபட்ட இடத்தைப் பச்சை காட்டும். பிறகு ஒரு முறைக்கு ஓர் அமைப்பை மட்டும் மாற்றிச் சோதித்தால் காரணம் தானே புலப்படும்.

கோப்போடு நான்கு வரிக் குறிப்பொன்றையும் அனுப்புவது சாலச் சிறந்தது. எவ்வகைக் கோப்பு, ஆல்பா எம்முறை, நிறவிதி 601-ஆ 709-ஆ, எண்ணெல்லை எது என்பவை அதில் இருந்தால் போதும். அதை எழுத ஒரு நிமிடம் ஆகும். மேடையேறிய பெரியவரின் பெயர், அவர் முகத்தை மறைக்காமலும் புள்ளியும் சுழியும் கெடாமலும், ஊரில் காத்திருப்போர் கண்ணில் தெளிவாகத் தோன்ற அவ்வொரு நிமிடம் துணை செய்யும்.