பதினைந்தில் ஒன்று

கலிஃபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளியை முடிக்க ஒரு பட்டியல் இருக்கிறது. அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர இன்னொரு பட்டியல் இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல.

முதலாவது மாநிலச் சட்டம் வகுத்தது. அதன் அடிப்படை அளவு 13 ஓராண்டுப் பாடங்கள். அவற்றில் ஓர் இடத்தை மூன்று வழிகளில் நிரப்பலாம்: கலை, அயல்மொழி, தொழிற்கல்வி. ஏதாவது ஒன்று போதும்.

இரண்டாவது பட்டியலுக்கு ‘ஏ-ஜி’ என்று பெயர். ஏ முதல் ஜி வரை ஏழு பிரிவுகள், மொத்தம் 15 ஓராண்டுப் பாடங்கள். வரலாறு 2, ஆங்கிலம் 4, கணிதம் 3, அறிவியல் 2, பிறமொழி 2, கலை 1, கூடுதல் பாடம் 1. இங்கே கலைக்கு மாற்று வழி இல்லை. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் இந்த ஓராண்டைக் கட்டாயமாக்கியது 2003இல் சேர்ந்தவர்களிலிருந்து. அதுவே எஃப் பிரிவு.

இதன் விளைவு எளிது. அயல்மொழியைக் கொண்டு முதல் பட்டியலை நிரப்பிய மாணவர், ஒரு நாள்கூடக் கலை வகுப்பில் உட்காராமல் மாநில விதிப்படி பள்ளியை முடித்துவிடலாம். சில பள்ளி மாவட்டங்கள் கலையையும் சேர்த்துக் கேட்கின்றன. எல்லா மாவட்டங்களும் அல்ல. மாநிலத்தில் பள்ளி முடிப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஏ-ஜியை நிறைவு செய்யாமலே வெளியேறுகிறார்கள். அவர்கள் எல்லாரையும் தடுத்தது கலைப்பாடம் அல்ல. ஆனால் கணிதத்தில் பின்தங்கியவருக்குத் தன் குறை தெரியும். கலைப்பாடம் விடுபட்டவருக்குப் பெரும்பாலும் தெரியாது.

ஓராண்டு என்பதற்கும் விதி உண்டு. இரண்டு செமஸ்டர்களும் ஒரே துறையில் இருக்க வேண்டும். நடனம், இசை, நாடகம், காட்சிக்கலை போன்ற துறைகளாகக் கலை பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு செமஸ்டர் நாடகமும் ஒரு செமஸ்டர் ஓவியமும் சேர்ந்தால் ஓராண்டு ஆகாது. மதிப்பெண் சி-க்குக் குறையக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பாடம் அந்தப் பள்ளியின் பெயரில் பல்கலைக்கழகம் ஏற்ற பட்டியலில் இருக்க வேண்டும். பள்ளி அதைக் கலை என்று அழைப்பது போதாது. ஏழாம், எட்டாம் வகுப்புகளில் படித்த கணிதமும் பிறமொழியும் ஏ-ஜிக்குக் கணக்கில் வரும். அதே வகுப்புகளில் வாசித்த இசை வராது.

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியின் தமிழ்க் குடும்பங்கள் தடுக்கி விழக்கூடிய இடம் இதுதான். ஃப்ரீமான்ட்டிலும் கூப்பர்ட்டினோவிலும் ஐந்து வயதில் சலங்கை கட்டிய பெண் பதினாறு வயதில் அரங்கேற்றம் செய்கிறாள். பத்து ஆண்டுக்கு மேற்பட்ட உழைப்பு அது. அதன் தரத்தை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் தனியார் வகுப்பில் கற்ற நடனத்துக்கு எஃப் பிரிவில் இடமில்லை. கர்நாடக இசைக்கும் மிருதங்கத்துக்கும் அதே நிலைதான். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் செயல்பாடுகளும் விருதுகளும் எழுத 20 இடங்கள் தரப்படுகின்றன. அரங்கேற்றம் அங்கே போகும். பள்ளியில் எடுத்த ஓராண்டு மண்பாண்ட வகுப்பு எஃப் பிரிவை நிரப்பிவிடும்.

இனி கால வரிசை. ஒன்பதாம் வகுப்பில் பாடவேளைகள் ஆறு அல்லது ஏழு. கணிதம், அறிவியல், ஆங்கிலம், மொழி, உடற்கல்வி போக எஞ்சுவது ஒன்றோ இரண்டோ. அதில் கணினி அறிவியல் புகுகிறது. கலை அடுத்த ஆண்டுக்குத் தள்ளப்படுகிறது. பத்திலும் பதினொன்றிலும் ஏ.பி. பாடங்கள், அதாவது பள்ளியிலேயே எடுக்கும் கல்லூரித் தரப் பாடங்கள், இடத்தைப் பிடிக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குவதற்குள் பதினைந்தில் 11 முடிந்திருக்க வேண்டும் என்பது விதி. கலையைத் தவிர்த்தும் அந்த 11ஐ எட்டிவிடலாம். ஆகவே யாரும் எச்சரிப்பதில்லை. ஒரு பள்ளி ஆலோசகருக்கு 250 மாணவர்கள் என்பது அமெரிக்க ஆலோசகர் சங்கத்தின் பரிந்துரை. கலிஃபோர்னியாவின் சராசரி அண்மை ஆண்டுகளில் 400ஐத் தாண்டியிருக்கிறது.

பன்னிரண்டாம் வகுப்பு ஆகஸ்டில் தொடங்குகிறது. விண்ணப்பப் படிவத்தில் பாடங்களைப் பிரிவு பிரிவாக மாணவரே நிரப்ப வேண்டும். எஃப் காலியாக இருப்பது பலருக்கு அப்போதுதான் கண்ணில் படுகிறது. கெடு நவம்பர் இறுதியை ஒட்டி முடிகிறது. அதற்குள் முதல் செமஸ்டரில் பெரும்பகுதி போய்விட்டது. மிச்சமிருப்பது ஒரு செமஸ்டர். பள்ளியில் தேவை இரண்டு.

ஒரு வழி மீதி இருக்கிறது. கம்யூனிட்டி காலேஜ் எனப்படும் ஈராண்டுக் கல்லூரியில், பல்கலைக்கழகம் ஏற்கும் கலைப்பாடம் ஒன்றை ஒரு செமஸ்டரில் முடித்தால் அது பள்ளியின் ஓராண்டுக்குச் சமம். குறைந்தது மூன்று அலகுப் பாடமாக அது இருக்க வேண்டும். வகுப்பில் இடம் கிடைக்க வேண்டும். சி வாங்க வேண்டும்.

மார்ச் இறுதிக்குள் வரும் அனுமதிக் கடிதம் நிபந்தனைக்கு உட்பட்டது. விண்ணப்பத்தில் இருந்தவை மாணவர் தானே எழுதிய மதிப்பெண்கள். பள்ளியின் இறுதி மதிப்பெண் சான்று போய்ச் சேர வேண்டிய நாள் ஜூலை 1. எழுதியதும் நடந்ததும் அப்போதுதான் ஒப்பிடப்படுகின்றன. கடைசி செமஸ்டருக்கு ஒத்திவைத்த கலை வகுப்பில் டி வந்திருந்தால், அது தெரியவருவதும் அப்போதே. வேறு கல்லூரிகளுக்குப் பதில் சொல்ல வேண்டிய மே 1 கடந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும்.

இந்த ஒப்பீடு வெறும் சடங்கு அல்ல. 2017 கோடையில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகம் 499 பேரின் அனுமதியைத் திரும்பப் பெற்றது. சிலருக்குச் சான்று சேரவில்லை. சிலருக்கு இறுதியாண்டு மதிப்பெண் சரிந்திருந்தது. எதிர்ப்பு எழுந்தபின் சான்றுச் சிக்கலில் மாட்டியவர்களை வளாகம் திரும்ப ஏற்றது. தகுதி குறைந்தது சான்றில் தெளிவாகத் தெரிந்தவர்களுக்கு அந்தப் பொது மன்னிப்பு பொருந்தவில்லை.

பள்ளிகளின் பக்கம் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. 2022இல் கலிஃபோர்னியா வாக்காளர்கள் 28ஆம் முன்மொழிவை ஏற்றார்கள். அரசுப் பள்ளிகளின் கலைக் கல்விக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கோடி டாலர் ஒதுக்கீடு. பணத்தால் வகுப்புகளைக் கூட்டலாம். பாடவேளை ஆறு என்றால் ஆறுதான்.

ஒன்பதாம் வகுப்புக்கான பாடத் தேர்வுப் படிவம், பிள்ளை எட்டாம் வகுப்பில் இருக்கும்போதே பெரும்பாலான பள்ளிகளில் வீட்டுக்கு வந்துவிடுகிறது. கலைப்பாடங்கள் அதில் பெரும்பாலும் ‘விருப்பப் பாடங்கள்’ என்ற தலைப்பின் கீழ்தான் அச்சாகியிருக்கும்.