செல்போன் பார்த்த புண்ணும் நர்ஸ் அக்கா பார்த்த புண்ணும்



செயற்கை நுண்ணறிவு (ஏ.ஐ.) பற்றி இந்த இதழுக்கு எழுதச் சொன்னார் அறிவியல் ஐயா. ரோபோ, ராக்கெட் என்று பெரிசாக எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் எங்க வீட்டில் நடந்ததையே எழுதலாம் என்று தோன்றியது. உங்க வீட்டிலும் சர்க்கரை நோய் உள்ள தாத்தா, பாட்டி இருப்பாங்க. அவங்களுக்காக இதைப் படியுங்கள்.

அப்பத்தாவின் கால்

எங்க அப்பத்தாவுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை நோய். ஒரு ஞாயிற்றுக்கிழமை நகம் வெட்டிவிடும்போது, உள்ளங்காலில் பெருவிரலுக்குக் கீழே தடித்துக் கறுத்த ஓர் இடத்தைப் பார்த்தேன்.

"வலிக்குதா அப்பத்தா?"

"வலியெல்லாம் இல்லப்பா. நடந்து நடந்து காய்ச்சுப் போச்சு."

அப்பாவின் செல்போனில் தோல் நோய் சொல்லும் இலவசச் செயலி ஒன்றை இறக்கினேன். போட்டோ எடுத்துப் போட்டதும் 'கால் ஆணி, 87%' என்று வந்தது. நானே 87 மார்க் வாங்கினது மாதிரி எல்லாரிடமும் காட்டினேன். டாக்டரிடம் யாரும் போகவில்லை.

ஐந்தாம் நாள், சர்க்கரை மாத்திரை கொடுக்க வந்த நர்ஸ் அக்கா காலைத் தொட்டுப் பார்த்தார். "இந்த இடம் மட்டும் சூடா இருக்கே" என்று ஓரத்தில் லேசாக அமுக்கினார். சீழ் வந்தது! அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம்.

செல்போன் எப்படிப் பார்க்கிறது?

போட்டோ என்பது சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை இருக்கும். செல்போனுக்குப் புண் தெரியாது, இந்த எண்கள்தான் தெரியும். டாக்டர்கள் பெயர் எழுதிக் கொடுத்த ஆயிரக்கணக்கான படங்களை அதற்குக் காட்டுகிறார்கள். தப்பாகச் சொல்லும்போதெல்லாம் உள்ளே இருக்கும் கணக்கு கொஞ்சம் திருத்தப்படுகிறது. நாம் வாய்ப்பாடு படிப்பது மாதிரிதான்!

2017-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1,29,450 படங்களைக் காட்டி ஒரு கணினிக்குப் பயிற்சி கொடுத்தார்கள். தோல் புற்றுநோயைப் பிரித்தறிவதில் அது 21 தோல் மருத்துவர்களுக்கு இணையாக இருந்தது.

அப்படியானால் எங்க செயலி ஏன் தப்பியது?

டாக்டரிடம் கேட்டேன். அவர் திட்டவில்லை. "தம்பி, போட்டோவில் சூடு தெரியுமா? வாடை தெரியுமா? தோலுக்கு அடியில் இருக்கிற சீழ் தெரியுமா?" என்றார். சர்க்கரை நோய் நாள்பட்டால் கால் நரம்பு கெட்டுப் போகும். வலி தெரியாது. வலி இல்லை என்பதுதான் அங்கே ஆபத்து என்று விளக்கினார்.

பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டவை:

1. இப்படிப்பட்ட செயலி தனக்குத் தெரிந்த பட்டியலில் இருந்துதான் பெயர் எடுக்கும். பட்டியலில் இல்லாத நோய் வந்தாலும், இருப்பதில் நெருக்கமான ஒன்றைச் சொல்லிவிடும். 87% என்றால் நோய் 87% உறுதி என்று அர்த்தமில்லை.

2. வெள்ளைத் தோல் படங்களையே அதிகம் பார்த்துப் படித்தால், நம்மைப் போன்ற கறுத்த தோலில் தடுமாறும். 2022-இல் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் 656 படங்களை வைத்துச் சோதித்தபோது இது தெளிவாகத் தெரிந்தது.

3. புற்றுநோய்ப் படங்களில் டாக்டர்கள் அளவுக்காக ஸ்கேல் வைத்து எடுப்பது வழக்கம். அதனால் ஸ்கேலைப் பார்த்தாலே 'புற்றுநோய்' என்று சொல்லக் கணினி கற்றுக்கொண்டதும் உண்டு!

அப்போ ஏ.ஐ. வேண்டாமா?

வேண்டும். பெயர் சொல்வதைவிட அளப்பதில் அது ரொம்ப உதவும். புண் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 1 செ.மீ.க்கு 50 புள்ளி என்றால், 1 சதுர செ.மீ.க்கு 50 × 50 = 2,500 புள்ளி. புண் 7,500 புள்ளி இருந்தால் பரப்பு 3 சதுர செ.மீ. அடுத்த வாரம் 5,000 புள்ளி என்றால் 2 சதுர செ.மீ. புண் ஆறுகிறது! சிவப்பு (புதுச் சதை), மஞ்சள் (கழிவுச் சதை), கறுப்பு (செத்த சதை) என்று நிறத்தையும் பிரித்துச் சொல்லும். நல்ல சிகிச்சை கொடுத்தும் நாலு வாரத்தில் சர்க்கரைப் புண் பாதியாகச் சுருங்காவிட்டால், சிகிச்சையை மாற்ற வேண்டுமா என்று டாக்டர்கள் யோசிப்பார்கள். அதற்கு இந்தக் கணக்கு கைகொடுக்கும்.

உங்க வீட்டில் செய்ய வேண்டியது

* சர்க்கரை உள்ளவர்களின் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் தினமும் பாருங்கள்.
* செருப்பைப் போடும் முன் உதறச் சொல்லுங்கள்.
* தடிப்பு, கொப்புளம், நிறமாற்றம், சூடு எது இருந்தாலும், வலி இல்லாவிட்டாலும், டாக்டரிடம் காட்டுங்கள்.
* காய்ப்பை வீட்டில் பிளேடால் சீவ வேண்டாம்.
* செயலி "ஒன்றுமில்லை" என்று சொன்னதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

அப்பத்தாவின் புண் ஆற இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. இன்னும் தாமதமாக வந்திருந்தால் விரலை எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார் டாக்டர். அதைக் கேட்டு அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. இப்போது தினமும் சாப்பிட்டு முடித்ததும் அப்பத்தா காலை நீட்டிவிடும். நான் டார்ச் அடித்துப் பார்ப்பேன், கையால் தொட்டும் பார்ப்பேன்.

நீங்களும் இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் பாருங்கள் நண்பர்களே!

— 11-ஆம் வகுப்பு மாணவன்