வேலை கற்றுத் தரும் கைபேசி

வேலையில் இருப்பவருக்கு அந்த வேலையைக் கணினி, கைபேசி, இணையம் வழியாகக் கற்றுத் தருவதே பணியிட மின்கற்றல். வங்கியில் புதிதாகச் சேர்ந்த எழுத்தர் கணினியில் முடிக்க வேண்டிய மோசடித் தடுப்புப் பாடமும் இதில் சேர்த்திதான். உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞரின் ஆப்பில் வரும் இரண்டு நிமிட வீடியோவும் சேர்த்திதான். கிராமத்துச் சுகாதாரப் பணியாளர் பட்டன் போனில் கேட்கும் குரல்பாடமும் அப்படியே. பள்ளிப் படிப்புக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. மாணவருக்குப் படிப்பதுதான் வேலை. பணியாளரோ வேலைக்கு நடுவில் கிடைக்கும் பத்து நிமிடத்தில், களைப்போடு, பக்கத்தில் இயந்திரம் ஓடும் சத்தத்தில் படிக்கிறார். படித்ததை அன்றைக்கே கையால் செய்தும் காட்டவேண்டியிருக்கிறது. இதை மனத்தில் வைத்துச் செய்த கருவிகளே இந்தத் துறையில் நிலைத்திருக்கின்றன.

இதன் வேர் கைபேசியைவிட மிகப் பழையது. அமெரிக்காவில் பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை ஒன்றை நடத்தியவரின் மகன் எட்வின் லிங்க். ஆர்கனுக்குக் காற்றடிக்கும் துருத்திகளையும் பம்புகளையும் கொண்டே 1929-இல் அவர் ஒரு பாவனை விமானத்தைச் செய்தார். விமானம் ஓட்டப் பழகுபவர் தரையிலேயே அதில் உட்கார்ந்து, அது சாய்வதையும் திரும்புவதையும் உணர்ந்து பழகலாம். தவறு செய்தால் உயிர் போகாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் லட்சக்கணக்கான விமானிகள் இதில் பழகினார்கள். 1960-இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சர் குழுவினர் உருவாக்கிய பிளேட்டோ அமைப்பில், கணினியே பாடம் காட்டி, கேள்வி கேட்டு, பதிலைப் பார்த்து அடுத்த பகுதிக்கு அனுப்பியது. அவரவர் வேகத்தில் படிப்பது என்று இன்று எல்லா ஆப்களும் சொல்லும் பெருமை அதற்கு அப்போதே இருந்தது.

விமானத் துறைதான் அடுத்த சிக்கலையும் முதலில் சந்தித்தது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றிய வடிவத்தில் பாடங்களைச் செய்ய, ஓரிடத்துப் பாடம் இன்னோர் இடத்துக் கணினியில் ஓடவில்லை. பொதுவான விதிகளை வகுக்க 1988-இல் அத்துறையினர் ஒரு குழு அமைத்தார்கள். பிறகு அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் முயற்சியில் 2000-ஆம் ஆண்டில் ஸ்கார்ம் என்ற தரம் வெளிவந்தது. எந்தக் கம்பெனி பல்பாக இருந்தாலும் ஒரே ஹோல்டரில் பொருந்துவதுபோல, ஸ்கார்ம் முறையில் செய்த பாடம் அதை ஏற்கும் எந்தப் பயிற்சி மென்பொருளிலும் ஓடும். அந்த மென்பொருளுக்கு எல்எம்எஸ் என்று பெயர். யார் என்ன படிக்க வேண்டும், யார் முடித்தார், எத்தனை மதிப்பெண் என்ற பதிவேட்டை அது வைத்துக்கொள்கிறது. எவரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய மூடுல் இவற்றில் புகழ்பெற்றது. 2002-இல் அதை வெளியிட்ட மார்ட்டின் டூஜியாமஸ், மேற்கு ஆஸ்திரேலியாவின் பாலைவனப் பகுதியில், வானொலி வழியே நடக்கும் பள்ளியில் படித்து வளர்ந்தவர். தொலைவிலிருந்து படிப்பதன் அருமை அவருக்குச் சிறுவயதிலேயே தெரியும்.

ஸ்கார்முக்கு ஒரு குறை உண்டு. பாடம் திறக்கப்பட்டதா, முடிந்ததா, மதிப்பெண் என்ன, எவ்வளவு நேரம் ஆனது என்பவையே பெரும்பாலும் அது சொல்பவை. ஆண்டுதோறும் கட்டாயமாக முடிக்க வேண்டிய பாதுகாப்புப் பாடம் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். குரல் பேசி முடியும்வரை 'அடுத்து' பொத்தான் மங்கலாகவே இருக்கும். பணியாளர் அதை ஓடவிட்டு டீ குடிக்கப் போகிறார், திரும்பி வந்து பொத்தானை அழுத்துகிறார், மறுபடி போகிறார். பதிவேட்டில் நாற்பது நிமிடம், நூறு சதவீதம் நிறைவு என்று ஏறிவிடும். தீயணைப்பானின் பின்னை எந்தப் பக்கம் இழுப்பது என்று அவருக்குத் தெரியுமா என்பது அந்தப் பதிவேட்டில் இல்லை. 2013-இல் வந்த எக்ஸ்ஏபிஐ என்ற தரம் இந்தக் குறையைப் பாதியளவு தீர்க்கிறது. 'இன்னார் இன்னதைச் செய்தார்' என்ற வாக்கிய வடிவில் எந்தச் செயலையும் அது பதியும்: வீடியோவைப் பாதியில் நிறுத்தினார், தீயணைப்பானை இயக்கிக் காட்டினார், மேற்பார்வையாளர் சரிபார்த்தார். சிக்னல் இல்லாத இடத்தில் இவற்றைக் கைபேசியிலேயே சேர்த்துவைத்து, இணைப்பு கிடைத்ததும் அனுப்பவும் முடியும்.

பாடங்கள் ஏன் சின்னஞ்சிறு துண்டுகளாக வருகின்றன என்பதற்கு விடை மனித நினைவில் இருக்கிறது. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு விரைவில் மறக்கிறது என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். கற்ற சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி நழுவிவிடுகிறது. இடைவெளி விட்டு விட்டுத் திரும்பப் படித்தால் நிற்கிறது. 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் இருவரும் நடத்திய சோதனை இன்னொன்றைக் காட்டியது. ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னார்கள். படித்துவிட்டுப் பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதியவர்களோ ஒரு வாரம் கழித்து அவர்களை மிஞ்சினார்கள். மண்டபத்தில் இரண்டு நாள் உட்காரவைத்து, மதியச் சாப்பாடு போட்டு நடத்தும் பயிற்சி வகுப்பு இந்த இரண்டு உண்மைகளுக்கும் எதிரானது. தினம் காலையில் கைபேசிக்கு வரும் இரண்டு கேள்விகள் அவற்றோடு ஒத்துப்போகின்றன. ஆனால் நீளமான பாடத்தைக் கத்தரித்துத் துண்டாக்கினாலே போதும் என்று பல நிறுவனங்கள் நினைப்பது தவறு. ஒவ்வொரு துண்டும் ஒரு முழுச் செயலைக் கற்றுத் தரவேண்டும். அதைத் திரும்பக் கேட்கும் நாளும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

விலை உயர்ந்த கைபேசி இல்லாமலே இதைச் செய்துகாட்டிய மாநிலம் பீகார். 2005-இல் தொடங்கிய தேசிய ஊரகச் சுகாதார இயக்கத்தின் வழி ஊருக்கு ஊர் ஆஷா பணியாளர்கள் வந்தார்கள். அந்தந்த ஊர்ப் பெண்களே அவர்கள். மாதச் சம்பளமாக இல்லாமல், செய்யும் பணிக்கேற்ற ஊக்கத்தொகையாகவே பெரிதும் பெறுபவர்கள். (தமிழ்நாட்டில் இந்தப் பணியைப் பெரும்பாலும் கிராம சுகாதார செவிலியர்கள் பார்ப்பதால், ஆஷாக்கள் மலைப்பகுதிகள் போன்ற சில வட்டாரங்களில் மட்டும் உண்டு.) கர்ப்பிணியைப் பரிசோதனைக்கு அழைத்துப் போவது, பிரசவத்துக்கு ஆயத்தம் செய்வது, தாய்ப்பால், தடுப்பூசி என்று குடும்பத்தோடு பேச வேண்டிய பொருள்கள் நிறைய. இவர்கள் எல்லாரையும் வகுப்பறைக்கு அழைத்துப் பயிற்சி கொடுப்பது எளிதான காரியம் இல்லை. ஆனால் அவர்களில் பெரும்பாலோரிடம் சாதாரண பட்டன் போன் இருந்தது. எஸ்எம்எஸ் அனுப்பும் வழக்கம் குறைவு. அழைப்பது, எடுப்பது எல்லாருக்கும் தெரியும்.

பிபிசி மீடியா ஆக்‌ஷன் அமைப்பு 2012-இல் அங்கே தொடங்கிய இரண்டு சேவைகள் இந்த ஒரே திறமையை நம்பி எழுந்தவை. ஒன்று மொபைல் குஞ்சி. 'குஞ்சி' என்றால் இந்தியில் சாவி. ஒரு வளையத்தில் கோத்த 40 படஅட்டைகள். ஒவ்வோர் அட்டையிலும் ஓர் எண். ஆஷா ஒரு வீட்டுத் திண்ணையில் கர்ப்பிணிப் பெண்ணோடும் மாமியாரோடும் உட்காருகிறார். பிரசவ ஆயத்தம் பற்றிய அட்டையைத் திருப்பி, படத்தைக் காட்டிப் பேசுகிறார். அதிலுள்ள எண்ணை அழுத்தி, போனை அவர்களிடம் நீட்டுகிறார். 'டாக்டர் அனிதா' என்ற பெண் மருத்துவரின் குரல் அதே செய்தியைச் சொல்கிறது. டாக்டர் அனிதா கற்பனைப் பாத்திரம்தான். ஆனால் நேற்றுவரை பக்கத்து வீட்டு மருமகளாக மட்டும் இருந்தவர் சொல்வதை ஒரு டாக்டரும் சொல்கிறார் என்றால், மாமியார் காது கொடுக்கிறார். ஒவ்வொரு வீட்டிலும் அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டு ஆஷாவுக்கும் பாடம் ஊறிப்போகிறது. வேலையும் பயிற்சியும் ஒரே செயலாக ஆகிவிட்ட இந்த ஏற்பாட்டைப் போல நேர்த்தியானது இத்துறையில் அதிகம் இல்லை.

மற்றது மொபைல் அகாடமி. மொத்தம் 240 நிமிடம் நீளும் குரல்பாடம். குறுகிய எண்ணை அழைத்தால் டாக்டர் அனிதா பாடம் நடத்துவார், இடையிடையே கேள்வி கேட்பார், விடையைப் போன் பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும். அழைப்பு துண்டித்துப்போனால், அடுத்த முறை விட்ட இடத்திலிருந்தே தொடங்கும். சமையலுக்கும் தூக்கத்துக்கும் நடுவே கிடைக்கும் நேரத்தில் படிப்பவருக்கு இந்த வசதி பெரிய உதவி. முடித்துத் தேறியவருக்குச் சான்றிதழ் உண்டு. எந்த நெட்வொர்க் ஆனாலும் ஒரே எண், குறைந்த கட்டணம் என்பதற்குத் தொலைத்தொடர்பு நிறுவனங்களைச் சம்மதிக்க வைத்ததும் இதன் வெற்றிக்கு முக்கியக் காரணம். 2016 ஜனவரியில் மத்திய சுகாதார அமைச்சகம் மொபைல் அகாடமியை மற்ற மாநிலங்களுக்கும் கொண்டுபோகத் தொடங்கியது. அப்போது ஆஷாக்களுக்கு அழைப்பு இலவசம் ஆயிற்று.

அதே 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்ததும் ஸ்மார்ட்போன் இன்னும் பலர் கைக்கு வந்தது. அரசே பெரிய அளவில் இந்த வழிக்கு வந்தது. 2017-இல் தொடங்கிய தீக்‌ஷா தளம் முதலில் பள்ளி ஆசிரியர்களுக்கானது. பெருந்தொற்றுக் காலத்தில் நிஷ்டா ஆசிரியர் பயிற்சி நேரடி வகுப்பிலிருந்து இதற்கு மாறியது. மத்திய அரசு ஊழியர் சுமார் 46 லட்சம் பேரைக் குறிவைத்த கர்மயோகி திட்டத்துக்கு 2020 செப்டம்பரில் அமைச்சரவை ஒப்புதல் கிடைத்தது. அதன் பாடங்கள் ஐகாட் என்ற தளத்தில் இருக்கின்றன.

ஸ்மார்ட்போனுக்குப் பாடம் செய்வது கணினிப் பாடத்தைச் சிறிதாக்குவது என்று பொருள் ஆகாது. பணியாளரின் போனில் இடம் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். 200 எம்பி ஆப்பை இறக்கச் சொன்னால் அவர் பிள்ளையின் படத்தை அழிக்க வேண்டியிருக்கும். வீடியோ நிமிர்த்திப் பிடித்த திரைக்கு ஏற்றதாக, சத்தமில்லாமல் பார்த்தாலும் புரியும்படி எழுத்தோடு இருக்க வேண்டும். ஆலைகள் பலவற்றில் இயந்திரத்துக்கு அருகே போனே கூடாது என்பது விதி. அங்கே சுவரில் பொருத்திய ஒரு டேப்லெட்டே சரி. மிக மலிவான, மிகப் பயனுள்ள கருவி கியூஆர் ஒட்டுச்சீட்டுதான்: தையல் இயந்திரத்தின் மேல் ஒட்டியிருப்பதை மேற்பார்வையாளர் ஸ்கேன் செய்தால், அதே இயந்திரத்தில் ஊசி மாற்றுவதைக் காட்டும் நாற்பது நொடி வீடியோ திறக்கும். மறந்துபோன நிமிடத்தில், மறந்துபோன இடத்திலேயே பாடம் கிடைக்கிறது.

மொழியில்தான் பல திட்டங்கள் தடுக்கி விழுகின்றன. திருப்பூர் ஆடை ஆலையில் பவர்டேபிளில் உட்கார்ந்து தைப்பவருக்கு 'பேட்லாக்', 'ஓவர்லாக்' என்ற இயந்திரப் பெயர்கள் உடனே விளங்கும். அகராதியைப் பார்த்து ஆக்கிய சொல் திரையில் வந்தால், பக்கத்து இருக்கையில் இருப்பவரைத்தான் கேட்பார். அதே வரிசையில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களும் இருக்கிறார்கள். ஒரே வீடியோவுக்கு மூன்று மொழியில் குரல் வேண்டும். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் போன்ற குழுக்களின் உழைப்பால் இந்திய மொழிகளில் இயந்திர மொழிபெயர்ப்பும் குரலும் வேகமாக மேம்பட்டுவருகின்றன. இருந்தாலும் அந்த வேலையைச் செய்பவர் ஒருவர் கேட்டுச் சரிபார்க்காமல் பாடத்தை அனுப்பக் கூடாது. 'வால்வைத் திற', 'வால்வை மூடு' என்ற இடத்தில் ஒரு சொல் பிசகினால் அது எழுத்துப்பிழையோடு நிற்காது.

தவறு செய்தே பழக வேண்டிய, தவறினால் ஆபத்தான வேலைகளுக்கு, பாவனை விமானம் செய்த லிங்க் காட்டிய வழியின் இன்றைய வடிவம் மெய்நிகர் கண்ணாடி. வால்மார்ட் நிறுவனம் 2018-இல் அமெரிக்கக் கடைகளுக்கு 17,000 கண்ணாடிகளை அனுப்புவதாக அறிவித்தது. தள்ளுபடி நாளில் கூட்டம் மோதுவதை அதன் நடுவில் நின்று சமாளிக்கப் பழகலாம். வெல்டிங் பழகும் பாவனைக் கருவிகளில் ராடும் செலவாவதில்லை, கண்ணும் கூசுவதில்லை. ஆனால் உருகும் உலோகத்தின் சூட்டையும் வாடையையும் பட்டறைதான் கற்றுத் தரும்.

இனி நேரம் பற்றிய கேள்வி. பாடம் சொந்தப் போனுக்கு வந்ததும் அது வீட்டுக்கும் வந்துவிடுகிறது. இரவு பத்து மணிக்கு, சொந்த டேட்டாவில், 'நாளைக்குள் முடிக்கவும்' என்ற செய்தி வருகிறது. இதுவும் வேலை நேரம்தான் என்று பார்ப்பதே நியாயம். அமெரிக்கத் தொழிலாளர் விதிப்படி, பயிற்சி நேரத்துக்குச் சம்பளம் தராமல் இருக்க வேண்டுமானால் நான்கு நிபந்தனைகளும் பொருந்த வேண்டும்: அது வேலை நேரத்துக்கு வெளியே நடக்க வேண்டும், விருப்பத்தின்பேரில் இருக்க வேண்டும், பார்க்கும் வேலைக்கு நேரடித் தொடர்பில்லாததாக இருக்க வேண்டும், அப்போது வேறு வேலை எதுவும் செய்யக் கூடாது. கட்டாயப் பாதுகாப்புப் பாடம் இந்தச் சல்லடையில் தேறாது. பயிற்சி ஆப் சேர்க்கும் தகவலும் இப்படித்தான் கவனிக்கப்பட வேண்டும். கேள்விக்குத் தவறாகப் பதில் சொன்னது கற்கும் வழியின் ஒரு படி; அது சம்பள உயர்வுப் பேச்சில் வந்து நின்றால் அதன்பிறகு யாரும் உண்மையாகப் பதில் சொல்ல மாட்டார்கள். இந்தியாவில் 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய தகவலைக் கையாள்வதற்கு ஒரு வரம்பை வகுக்கிறது.

பயிற்சி பலித்ததா என்று அறிய, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொனால்ட் கிர்க்பேட்ரிக் 1959-இல் வகுத்த நான்கு படிகளே இன்றும் பெரிதும் வழக்கில் உள்ளன: பயிற்சி பிடித்ததா, கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, நிறுவனத்துக்குப் பலன் கிடைத்ததா. முதல் இரண்டையும் எந்த ஆப்பும் தானே அளந்துவிடும். மூன்றாவதற்கு ஒரு மனிதர் போய்ப் பார்க்க வேண்டும். நல்ல திட்டங்களில் மேற்பார்வையாளர் கைபேசியில் ஒரு சிறிய சரிபார்ப்புப் பட்டியல் இருக்கும். கையுறை போட்டாரா, இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஊசி மாற்றினாரா என்று பக்கத்தில் நின்று பார்த்துக் குறிப்பார். பத்துப் பேரில் ஆறு பேர் ஒரே இடத்தில் தவறினால், தவறு அந்தப் பாடத்தினுடையது. அந்த நாற்பது நொடி வீடியோவை அதே இயந்திரத்தின் முன் நின்று மறுபடி எடுத்து, பழைய ஒட்டுச்சீட்டை ஸ்கேன் செய்தாலே புதியது திறக்கும்படி ஏற்றிவிட்டு, ஒரு வாரம் கழித்து மேற்பார்வையாளர் மீண்டும் அந்த வரிசைக்கு வருவார்.