மேற்கே இருட்டினால் கவனம்!

பலத்த காற்றோடு மழை பெய்துவிட்டால் போதும், "புயல் அடித்தது" என்று சொல்லிவிடுகிறோம். ஆனால், சிங்கப்பூரில் திடீரென்று சீறி வருபவை புயல் அல்ல. எது வருகிறது என்பதை அது வரும் நேரமும் திசையும் காட்டிக்கொடுத்துவிடும். அது தெரிந்தால் எங்கே ஒதுங்குவது என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் சுமத்ரா சூறைக்காற்று. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் பின்னிரவுக்கும் காலைக்கும் இடையில் வரும். இரவில் சுமத்ராவிலிருந்தும் மலாயாத் தீபகற்பத்திலிருந்தும் கடலை நோக்கி வீசும் நிலக்காற்றுகள் மலாக்கா நீரிணைக்கு மேல் சந்திக்கின்றன. கடலின் ஈரக்காற்று மேலெழும்பி, இடிமேகங்கள் வரிசையாகத் திரள்கின்றன. மேலைக்காற்று அந்த வரிசையைக் கிழக்கே, நம்மை நோக்கித் தள்ளி வருகிறது.

மேற்கு வானில் தாழ்வாக, வில்போல் வளைந்த கருமேகம் தெரிந்தால் அதுதான். பிறகு, மழைத்துளி விழும் முன்னரே, புழுக்கத்தைப் போக்கிக்கொண்டு ஒரு குளிர்காற்று பாயும். நம்மில் பலர் 'அப்பாடா' என்று சன்னலை அகலத் திறப்பது அப்போதுதான்! மழையால் குளிர்ந்து கனத்த காற்று மேகத்திலிருந்து இறங்கித் தரையில் பரவுகிறது. அதன் பின்னாலேயே மழை வந்துவிடும். காற்றின் வேகம் பொதுவாக மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர். காலையில் மட்டும்தான் வரும் என்று இருந்துவிடவும் முடியாது. 2024 செப்டம்பர் 17ஆம் தேதி மாலையில் வந்த சுமத்ரா, 83.2 கிலோமீட்டரைத் தொட்டு மரங்களைச் சாய்த்தது. இங்கு பதிவான ஆக அதிக வேகமோ 144.4 கிலோமீட்டர், 1984 ஏப்ரல் 25, தெங்காவில்.

பிற்பகல் இடிமழை வேறு வகை. வெயிலில் சூடேறிய காற்று, காலிஃபிளவர் போன்ற மேகமாக உயர்ந்து, ஏறக்குறைய நின்ற இடத்திலேயே கொட்டும். தெம்பனிஸ் நனையும்போது ஜூரோங் காய்ந்து கிடக்கும். இங்கே மின்னலும் திடீர் வெள்ளமும்தான் ஆபத்து. மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணிப் பாருங்கள்: மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர்.

உண்மையான புயல் பூமத்திய ரேகைக்கு இவ்வளவு அருகில் மிக அரிது. 2001 டிசம்பர் 27ஆம் தேதி தென்கிழக்கு ஜோகூரில் கரையேறிய 'வாமேய்' அப்படியோர் அபூர்வம்.

ஆகவே, அந்தக் குளிர்காற்று முகத்தில் பட்டதும் மரத்தடியை விட்டு, அருகிலுள்ள புளோக்கின் கீழ்த்தளத்துக்குப் போய்விடுங்கள். வீட்டில் இருப்பவர்கள் துணி காயும் மூங்கில் கழிகளையும் சன்னலோரப் பூந்தொட்டிகளையும் உடனே உள்ளே எடுத்துவிடுங்கள். கீழே ஆள் நடமாட்டம் இருக்கும்.