எஜிலரசி யார்?

எழிலரசி என்னும் பெயருடைய நம் ஊர்ப் பெண் ஒருத்தி, தில்லி போன்ற வடநாட்டு நகரொன்றில் அலுவலகப் பணி ஏற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாளே அவள் 'எஜிலரசி' ஆகிவிடுகிறாள். மறுவாரம் அதுவும் நீளமாகத் தோன்றி, 'எஜில்' என்று குறுகுகிறது. மாத முடிவில், படிவத்தில் குடும்பப் பெயருக்கென ஒதுக்கிய கட்டத்தில் அவள் எழுதிய தந்தையின் பெயரே அவளுக்கு நிலைத்து, "ஆரோக்கியசாமி வந்தாயிற்றா?" என்று மேலாளர் வினவுகிறார். தம் பெயர் தில்லியில் முழங்குவதை அறிந்தால் தந்தையார் மகிழ்வாரோ, திகைப்பாரோ!

சிரித்துவிட்டுப் போகக்கூடிய செய்திதான். ஆனால், ஆண்டுகள் சில சென்றபின், தொலைபேசியில் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும்போது அவளே 'எஜில்' என்று சொல்லத் தொடங்குகிறாளே, அங்கேதான் நெஞ்சு உறுத்துகிறது. திருமுழுக்கு வேளையில் குருவானவர் பெற்றோரிடம் கேட்கும் முதல் வினா, குழந்தைக்கு என்ன பெயர் இடுகிறீர்கள் என்பதே. பல இரவுகள் பேசித் தேர்ந்து, பாட்டியின் மனத்தாங்கலையும் தாண்டி இட்ட பெயர், அயலார் நாவுக்கு எளிதாயில்லை என்பதற்காக உதிர்ந்துபோக வேண்டுமா?

குற்றம் முழுவதும் அவர்களுடையதன்று. ழகரத்தை ஆங்கிலத்தில் எழுத இசட், எச் என்னும் இரண்டு எழுத்துகளை நாம் கையாளுகிறோம். அவற்றைக் காணும் வடநாட்டார் ஜகரமாகப் படிப்பது இயல்பே. நுனிநாக்கு மேலெழுந்து அண்ணத்தை வருடும்போது ரகரமும் ழகரமும் பிறக்கும் என்று தொல்காப்பியர் இவ்விரண்டையும் சேர்த்தே இலக்கணம் கூறினார். சோழமண்டலக் கரை ஐரோப்பியர் ஏடுகளில் 'கோரமண்டல்' ஆனதிலும் ழகரம் ரகரமாகவே மாறியிருக்கக் காண்கிறோம். அமெரிக்கர் தம் ஆங்கிலத்தில் ரகரத்தை ஒலிக்கும் முறையோ நம் ழகரத்துக்கு மிகவும் அண்மையானது. அவர்களிடம் எழுத்தைக் காட்டாமல் வாயால் சொல்லிக் காட்டினால் பாதி வேலை முடிந்தது. இந்தி பேசுவோரிடம், ரகரத்தில் தொடங்கி, நாக்கு நுனியை எங்கும் ஒட்டவிடாமல் பின்னே வளைக்கச் சொல்லலாம். நம்மில் எத்தனை பேர் நாள்தோறும் 'வாளப்பளம்' உண்கிறோம் என்பதை நினைத்துக்கொண்டால், சொல்லிக்கொடுக்கப் பொறுமையும் தானே வரும்.

திருத்துவதை முதல் வாரத்திலேயே செய்துவிடுவது நலம். ஆறு மாதம் வாளாவிருந்து பின்னர் திருத்தினால், இத்தனை நாளும் தவறாக அழைத்தோமே என்று அவருக்கு வெட்கம். ஏன் சொன்னோம் என்று நமக்கு வெட்கம். மேலாளரைக் கூட்டத்தின் நடுவே திருத்துவதைவிடத் தேநீர் வேளையில் தனியே சொல்வது பயன் தரும். இன்னும் நல்லது, பெயரைச் சரியாகக் கற்றுக்கொண்ட தோழி ஒருத்தி பிறர் முன்னிலையில் அப்படியே அழைப்பது. முயன்றும் நாக்கு வளையாதவரிடம் நமக்கு வழக்கொன்றுமில்லை. முயலாமலே, "உன் பெயர் கடினம், ஏஞ்சல் என்று வைத்துக்கொள்வோம்" என்பவரிடம் மட்டும், "வேண்டாம் ஐயா, அரசி என்றே அழையுங்கள்" என்று அன்றே சொல்லிவிட வேண்டும். பெயரைச் சுருக்கத்தான் வேண்டுமென்றால், சுருக்கும் உரிமை அப்பெயருக்கு உரியவளிடம் இருக்கட்டும்.

பிறர் பெயரை வளைப்பதில் நாமும் சளைத்தவரல்லர். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சேவியர் நமக்குச் சவேரியார் ஆனார். முடி என்று பொருள்படும் கிரேக்கப் பெயர் தாங்கிய புனித ஸ்தேவானை, பொருளறிந்து முடியப்பர் என்றே நம் முன்னோர் அழைத்தனர். ஆனால் அவர்கள் வளைத்த பெயரை ஏளனமாக வழங்கவில்லை. தம் பிள்ளைகளுக்கே சூட்டினார்கள். இன்றும் சவேரியார்களும் முடியப்பன்களும் நம் ஊர்களில் இருக்கிறார்கள்.

இன்று நாம் செய்வதோ வேறு. திருப்பூர்ப் பின்னலாடை ஆலைகளிலும் சென்னையின் கட்டட வேலைகளிலும் பீகார், ஒடிசா, மேற்கு வங்கம் முதலிய மாநிலங்களின் இளைஞர்கள் நம்மவரோடு தோளோடு தோள் நின்று உழைக்கிறார்கள். அவர்களுள் பலருக்கு நம்மிடையே தவறான பெயர்கூட இல்லை. 'ஏ பாய்' என்கிறோம். இல்லையேல் 'இந்திக்காரன்' என்கிறோம். வங்காளமும் ஒடியாவும் தாய்மொழியாகக் கொண்டவனும் நமக்கு இந்திக்காரனே! மகள் தில்லியில் எஜிலரசி ஆனதற்கு வருந்தும் தந்தையார், தம் வீட்டுச் சுவரை எழுப்பும் இளைஞனிடம் என்றேனும் பெயர் கேட்டிருக்கிறாரா? கேட்டால், அவன் கரணையைக் கீழே வைத்துவிட்டு, முதலில் விரைவாகச் சொல்வான். கேட்டவருக்குப் பிடிபடவில்லை என்று கண்டதும், சற்றே சிரித்து, ஒவ்வோர் அசையாக மீண்டும் சொல்வான்.