வளரும் நிறுவனத்தில் ஏ.ஐ.: எங்கே தொடங்கலாம்?

"எங்கள் கம்பெனிக்கும் ஏ.ஐ. வேண்டும், எந்த சாப்ட்வேர் வாங்கலாம்?" ராயகிரிப் பக்கம் தொழில் நடத்துபவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி இது. வாங்கும் முன், எந்த வேலை உங்கள் நேரத்தை அதிகம் தின்கிறது என்று பாருங்கள் என்பேன்.

பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. 2011ல் தென்காசி அருகே அலுவலகம் திறந்த ஸோஹோ, 2025 ஜூலையில் ஸியா எல்.எல்.எம். என்ற சொந்த மொழி மாடலை அறிவித்தது. 130 கோடி, 260 கோடி, 700 கோடி பாராமீட்டர்கள் என மூன்று அளவுகள். ஏன் மூன்று? சிறிய வேலைக்குச் சிறிய மாடலே போதும், செலவும் குறையும்.

நீங்களும் ஒரே ஒரு வேலையில் தொடங்குங்கள். விலை கேட்டு வரும் மெயில்களுக்குப் பதில் தயாரிப்பது நல்ல தொடக்கம். சாட்ஜிபிடி, ஜெமினி இரண்டிலும் தமிழிலேயே டைப் செய்திடலாம். ஆனால் அனுப்பும் முன் விலை, தேதி, பெயர் மூன்றையும் சரிபார்த்திட வேண்டும். இவை அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்து எழுதுபவை. தெரியாததையும் தெரிந்தது போலச் சொல்லிவிடும். கூட்டல் கழித்தலை எக்ஸெல்லிடமே விட்டுவிடுங்கள்.

வாடிக்கையாளரின் போன் எண், வங்கிக் கணக்கு, கடன் பாக்கி ஆகியவற்றை இலவசத் தளங்களில் பேஸ்ட் செய்திட வேண்டாம். உங்களை நம்பித் தந்த தகவல் அது.

"அப்படியானால் என் வேலை போய்விடுமா?" என்று கணக்கு எழுதுபவர் கேட்பார். முதல் பயிற்சியை அவருக்கே கொடுங்கள். பத்து வருடக் கணக்கை அறிந்தவர்தான் ஏ.ஐ. எழுதிய தவறை ஒரே பார்வையில் பிடிப்பார்.